ஊம்-பா: அமெரிக்க மார்ச் இசையைக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு

போன வருஷம் மூன்று வாரம் எங்கள் வீட்டில் கேட்ட ஒரே சங்கீதம் இதுதான்: ஒரு கண்சிமிட்டு அமைதி, "ப்பா." மறுபடி அமைதி, "ப்பா." ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குப் பள்ளி பேண்டில் ஹார்ன் கொடுத்திருந்தார்கள். நத்தை ஓடு மாதிரி சுருண்ட பித்தளை வாத்தியம். மணிக்கணக்காக அந்த ஒரே "ப்பா"தான். நான்காம் நாள் பொறுமை போய்க் கேட்டேன்.

"இதுல பாட்டு எங்கேம்மா இருக்கு?"

"அது என்கிட்ட இல்லப்பா. கிளாரினெட்காரங்ககிட்ட இருக்கு. எனக்கு ஊம்-பாவுல பா மட்டும்தான்."

"அப்ப ஊம் யாரு?"

"ட்யூபா."

மேஜைமேல் கிடந்த தாளை எடுத்துப் பார்த்தேன். 'மிலிட்டரி எஸ்கார்ட்' என்று தலைப்பு, இயற்றியவர் ஹெரால்டு பென்னெட். யாரோ எவரோ என்று வைத்துவிட்டேன். அப்படி ஓர் ஆள் உலகத்திலேயே இருந்ததில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தக் கதைக்குப் பின்னால் வருகிறேன்.

மார்ச் என்பது நடப்பதற்கான இசை. கூட்டமாக, கால் மாறாமல், ஒரே வேகத்தில் நடப்பதற்கானது. அமெரிக்க ராணுவ நடையின் வழக்கமான கணக்கு நிமிடத்துக்கு 120 காலடி, காலடிக்கு 30 அங்குலம். அதாவது நிமிடத்துக்கு 300 அடி. பேண்டின் அடிக்குரலான ராட்சதப் பித்தளை வாத்தியம் ட்யூபா. அதன் ஒவ்வொரு "ஊம்"மும் ஒரு கால் தரையில் பதியும் இடம். ஹார்னின் "பா" அடுத்த கால் தூக்கிவிடப்படும் இடம். நடக்கவைப்பது ஊம்தான் என்று முதலில் நினைத்தேன். என் மகள் இல்லாமல் ட்யூபாவை மட்டும் கேட்டுப் பார்த்தால் தெரியும், அது சவ ஊர்வலம் போல இருக்கும். காலைத் தூக்குவது பா. உட்கார்ந்து கேட்பவன் காலும் தானாக ஆடத் தொடங்குவது அதனால்தான்.

இந்த இசையின் பூர்வீகம் அமெரிக்கா அல்ல. ஒட்டோமான் துருக்கியரின் படைவாத்தியங்களைக் கேட்டு மிரண்ட ஐரோப்பியர்கள், பெரிய முரசையும் சிம்பலையும் முக்கோணக் கம்பியையும் தங்கள் பட்டாளங்களுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து அந்த மரபு உலகெங்கும் கிளை விட்டது. ஒரு கிளை சென்னை ஜார்ஜ் கோட்டைக்கு வந்தது. அந்த பேண்டு மெட்டுகளுக்குத்தான் முத்துஸ்வாமி தீட்சிதர் சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார், நாம் நோட்டு ஸ்வரம் என்கிறோம். இன்னொரு கிளை வாஷிங்டனுக்குப் போனது. அமெரிக்க மரீன் படையின் பேண்டு 1798-இல் தொடங்கியது, இன்றும் வாசித்துக்கொண்டிருக்கிறது.

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போர்க் காலத்துப் படங்களில் ஒரு விசித்திரம் பார்க்கலாம். பேண்டுகாரர்களின் குழல்கள் முன்னோக்கி இல்லாமல், தோளுக்கு மேலே பின்னோக்கித் திரும்பியிருக்கும். பேண்டு முன்னே போகும், சிப்பாய்கள் பின்னால் வருவார்கள். கேட்கவேண்டியது அவர்களுக்குத்தானே! போர் முடிந்து ஊர் திரும்பிய வாத்தியக்காரர்கள் வாத்தியத்தை மறக்கவில்லை. சின்னச் சின்ன ஊர்களில்கூட பேண்டு முளைத்தது. பூங்கா நடுவே கூரை போட்ட எண்கோண மேடை வந்தது. வானொலி இல்லாத காலத்தில், ஞாயிறு மாலை ஊர் ஜனங்களுக்குக் கேட்கக் கிடைத்தது பெரும்பாலும் அந்த மேடை வாசிப்புத்தான்.

இந்த மண்ணில் வந்தவர்தான் ஜான் ஃபிலிப் சூசா. 1854-இல் வாஷிங்டனில் பிறந்தார். அப்பா மரீன் பேண்டில் டிராம்போன் (இழுத்து நீட்டி வாசிக்கும் பித்தளைக் குழல்) வாசித்தவர். பையன் 13 வயதிலேயே அதே பேண்டில் பயிற்சிக்குச் சேர்க்கப்பட்டான். 1880-இல் அந்த பேண்டுக்கே தலைவரானார், 1892-இல் விலகித் தன் பெயரில் சொந்த பேண்டு தொடங்கினார், 1932-இல் இறக்கும்வரை 130-க்கும் மேற்பட்ட மார்ச்சுகள் எழுதினார். 'மார்ச் ராஜா' என்று பட்டம். வேடிக்கை என்னவென்றால், ராஜாவின் சொந்த பேண்டு தெருவில் அணிவகுத்து நடந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைதான். மற்றபடி நாற்காலியில் உட்கார்ந்து, டிக்கெட் வாங்கி வந்தவர்களுக்கு வாசித்தது. நடப்பதற்கான இசையை உட்கார்ந்து ரசிக்கும் இசையாக்கியவர் அவர்.

அது அவரால் எப்படி முடிந்தது என்று புரிந்துகொள்ள, மார்ச்சின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். பயப்படவேண்டாம், நம் சங்கீதம் ஓரளவு காதில் விழுந்தவர்களுக்கு இது பத்து நிமிஷ விஷயம்.

முதலில் ஒரு சின்ன முன்னுரை, நான்கோ எட்டோ ஆவர்த்தம். "எல்லோரும் இங்கே பாருங்கள்" என்று கூப்பிடுவதற்கு. பிறகு முதல் பகுதி, 16 ஆவர்த்தம், இரண்டு தடவை. பிறகு இரண்டாம் பகுதி, அதுவும் 16, அதுவும் இரண்டு தடவை. ஓர் ஆவர்த்தத்துக்கு இரண்டு தட்டு, நிமிடத்துக்கு 120 தட்டு. ஆக, ஒரு பகுதி 16 விநாடியில் முடிந்துவிடும். ஒரு மெட்டு பிடித்துப்போவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். மார்ச் கேட்டு யாரும் கொட்டாவி விடாததற்கு இந்தக் கஞ்சத்தனம் ஒரு காரணம் என்பது என் எண்ணம். இந்தக் கஞ்சத்தனத்துக்குத் தாளும் ஒரு காரணம். நடந்துகொண்டே வாசிப்பவர் நோட்டேஷனை வாத்தியத்திலேயே ஒரு கிளிப்பில் செருகிக்கொள்ளவேண்டும். உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய அட்டை அது. அதில் அடங்காததை எழுதிப் பயனில்லை.

மூன்றாவதாக வருவது ட்ரியோ. மார்ச்சின் உயிர் இங்கேதான். இந்த இடத்தில் ஸ்ருதி மாறும். பழைய ஸட்ஜத்திலிருந்து நாலாவது சுரமான மத்யமம் புது ஸட்ஜமாகிவிடும். கச்சேரியின் கடைசியில் சில துக்கடாக்களை மத்யம ஸ்ருதியில் பாடுவார்களே, அப்போது அரங்கமே கொஞ்சம் சாய்ந்து உட்காருமே, அதே இளக்கம்தான். முரசும் சிம்பலும் அடங்கும். கிளாரினெட்டுகள் சன்னமாக ஒரு நீண்ட மெட்டை எடுக்கும். அதுவரை வெட்டி வெட்டி வந்த இசை முதல்முறையாக மூச்சுவிட்டுப் பாடும்.

அது சுகமாக முடிந்த மறுகணம் சண்டை. உண்மையாகவே சண்டை. பேண்டுகாரர்கள் இந்தப் பகுதிக்கு வைத்திருக்கும் பெயரே 'டாக்ஃபைட்', நாய்ச்சண்டை. கீழே டிராம்போனும் ட்யூபாவும் உறுமும், மேலே டிரம்பெட்டும் கிளாரினெட்டும் திருப்பிக் குரைக்கும். சண்டை உச்சத்துக்குப் போய் உடையும் இடத்தில் அதே ட்ரியோ மெட்டு திரும்ப வரும், இந்தமுறை முழு பேண்டும் முழு பலத்தோடு. கடைசியில் எல்லோரும் நிறுத்தியதும், அரை நொடி கழித்து, ஒரே ஓர் அடி. அதற்கு 'ஸ்டிங்கர்' என்று பெயர், கொடுக்கு. புது மாணவர்கள் யாராவது ஒருவர் அந்த அரை நொடியைப் பொறுக்கமாட்டாமல் முந்திக்கொண்டு கொட்டிவிடுவது பள்ளிக் கச்சேரிகளில் ஏறக்குறைய சடங்கு.

ஒன்று கவனித்தீர்களா? ஸ்ருதி மாறியது மாறியதுதான். பழைய மார்ச்சுகளில் தொடக்கத்துக்கே திரும்பிப் போய் முடிக்கும் வழக்கம் இருந்தது. சூசா அதைப் பெரும்பாலும் கைவிட்டார். புறப்பட்ட ஊருக்குத் திரும்பாமல், போய்ச் சேர்ந்த ஊரிலேயே விழா எடுத்து முடிப்பது. இசை இலக்கணம் படித்தவர்களுக்கு இது கொஞ்சம் ஒழுங்கீனம். நடக்கிறவனுக்கு இதுதான் நியாயம்.

இப்போது ஒரே ஒரு மார்ச்சைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். 'தி ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் ஃபாரெவர்'. 1896-இல் ஐரோப்பாவில் விடுமுறையில் இருந்த சூசாவுக்குத் தன் மேலாளர் இறந்துவிட்ட செய்தி வந்தது. அவசரமாக டியூட்டானிக் என்ற கப்பலில் திரும்பினார். கப்பல் தளத்தில் உலாவியபோது தலைக்குள் ஒரு பேண்டு விடாமல் வாசித்துக்கொண்டே இருந்தது என்றும், ஊர் சேர்ந்ததும் அதைத் தாளில் இறக்கிவிட்டதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். கையெழுத்துப் பிரதியில் கிறிஸ்துமஸ் தேதி இருக்கிறது. 1987-இல் சட்டம் போட்டு இதை அமெரிக்காவின் தேசிய மார்ச் ஆக்கினார்கள்.

ட்ரியோவிலிருந்து கேளுங்கள். 32 ஆவர்த்த மெட்டு, சன்னமாக, அலங்காரம் ஏதும் இல்லாமல். பிறகு 24 ஆவர்த்தச் சண்டை, பித்தளைகள் அரைச் சுரம் அரைச் சுரமாகப் படி இறங்கும். மெட்டு திரும்பும்போது, அதே சன்னத்தில், தலைக்கு மேலே ஒரு சிட்டுக்குருவி வந்து உட்காரும். அது பிக்கலோ, பேண்டிலேயே மிகச் சின்ன வாத்தியம், ஓர் அடி நீளக் குழல். மெட்டைத் தொடாமல் அதைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். மறுபடி சண்டை. மூன்றாவது தடவை மெட்டு வரும்போது பிக்கலோவும் விடாது, டிராம்போன்களும் கீழேயிருந்து கம்பீரமான வேறொரு மெட்டை ஏற்றும். ஆக, ஒரே நேரத்தில் மூன்று பாட்டு. அடியில் ஊம்-பா எப்போதும் போல. மூன்றிலும் ஒவ்வொன்றாகக் காதை வைத்து மூன்று தடவை கேட்டால் மூன்று வேறு மார்ச் கேட்ட மாதிரி இருக்கும். சூசா கச்சேரிகளில் இந்த இடத்தில் பிக்கலோ, கார்னெட் (டிரம்பெட்டின் குட்டி உறவு), டிராம்போன்காரர்கள் எழுந்து மேடை முன்விளிம்புக்கு வந்து வரிசையாக நின்று வாசிப்பார்கள். இன்றும் பல பேண்டுகளில் அந்த வழக்கம் உண்டு. மொத்தம் மூன்றரை நிமிடம்தான்.

இந்த அச்சு கிட்டத்தட்ட எல்லா அமெரிக்க மார்ச்சுக்கும் பொது. அப்படியானால் எல்லாம் ஒரே மாதிரி இருக்காதா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வெண்பாவுக்கு இலக்கணம் ஒன்றுதானே, அதற்காக எல்லா வெண்பாவும் ஒன்றா?

முதல் வித்தியாசம் நடையில். சில மார்ச்சுகள் சதுஸ்ர நடை, தகதிமி தகதிமி என்று நேராக நடக்கும். சில திஸ்ரம், தகிட தகிட என்று துள்ளும். இரண்டுக்கும் காலடி வேகம் ஒன்றே, ஒவ்வொரு அடிக்குள்ளும் நிரம்புவதுதான் வேறு. சூசாவின் 'தி வாஷிங்டன் போஸ்ட்' திஸ்ரம். அதே பெயருள்ள செய்தித்தாள் பள்ளிக் குழந்தைகளுக்குக் கட்டுரைப் போட்டி நடத்தி, 1889 ஜூனில் பரிசளிப்பு வைத்தது. அந்த விழாவுக்காக எழுதியது. அந்தத் துள்ளல் அப்போது புதிதாக வந்துகொண்டிருந்த டூ-ஸ்டெப் நடனத்துக்குக் கச்சிதமாகப் பொருந்திப்போக, நடனக் கூடங்கள் பிடித்துக்கொண்டன. ஐரோப்பாவில் சில இடங்களில் அந்த நடனத்தின் பெயரே வாஷிங்டன் போஸ்ட் ஆகிவிட்டது. சூசா அதைப் பதிப்பாளருக்கு விற்றது 35 டாலருக்கு. 'எல் கேப்பிட்டன்' என்ற மார்ச் இன்னும் சாமர்த்தியம், திஸ்ரத்தில் தொடங்கி ட்ரியோவில் சதுஸ்ரத்துக்குத் தாவும்.

இரண்டாவது வித்தியாசம் உப்புக்காரம். 'தி லிபர்ட்டி பெல்' மார்ச்சின் ட்ரியோவில் நிஜ மணி அடிக்கும். (பிற்பாடு இது ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் தலைப்பிசையாகிவிட, பலருக்கு இன்று இதைக் கேட்டாலே சிரிப்பு வருகிறது. பாவம் சூசா.) 'செம்பர் ஃபிடெலிஸ்'-இல் நடுவே முரசுகள் மட்டும் தனி ஆவர்த்தனம் போலத் தொடங்கும், அதன்மேல் பியூகிள் என்ற ராணுவ ஊதுகொம்பின் அழைப்பு ஏறும், அதன்மேல் இன்னொன்று. 1923-இல் வந்த 'நோபிள்ஸ் ஆஃப் தி மிஸ்டிக் ஷ்ரைன்', துருக்கித் தொப்பி அணியும் ஒரு சங்கத்துக்காக எழுதியது. சோகச் சாயல் உள்ள ஸ்வரக் கட்டில் தொடங்கி, முக்கோணக் கம்பியும் கஞ்சிராவின் தம்பியான டாம்பூரினும் கலகலக்கும். துருக்கியரிடம் கடன் வாங்கியதை வட்டியோடு திருப்பித் தந்ததாக எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் சூசாவோடு நின்றுவிட்டால் பாதிப் பந்தியில் எழுந்த கதைதான். எனக்குப் பிடித்த பக்கம் சர்க்கஸ்.

சர்க்கஸ் பேண்டு வாசிக்கும் மார்ச்சுக்கு 'ஸ்க்ரீமர்' என்று பெயர், அலறல். நடை வேகம் கிடையாது, ஓட்ட வேகம். குதிரைகள் வட்டமடிக்கும்போதும் கோமாளிகள் குபுகுபுவென்று உள்ளே புகும்போதும் வாசிப்பதற்கானது. கிளாரினெட்காரர் விரல் கண்ணுக்குத் தெரியாது. கூடாரத்துக்குள் ஒரு நாளைக்கு இரண்டு காட்சி, மூச்சுவிட இடைவெளி குறைவு, உதடு வீங்கிப்போகும் வேலை. குதிரை இசைக்கு ஏற்ப ஆடுகிறது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. பேண்டு மாஸ்டர் குதிரையின் காலையே பார்த்துக்கொண்டிருந்து, அது வேகம் மாற்றினால் பேண்டின் வேகத்தை மாற்றுவார்.

அப்படி ஒரு சர்க்கஸ் பேண்டில் யூஃபோனியம் வாசித்தவர் கார்ல் கிங். 1891-இல் ஒஹாயோவில் பிறந்தவர். 'பார்னம் அண்ட் பெய்லிஸ் ஃபேவரிட்' என்ற அவருடைய ஸ்க்ரீமரை எழுதியபோது வயது 22 இருக்கும். நீங்கள் பெயர் கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள், மெட்டைக் கேட்டால் "அட, இதா" என்பீர்கள். தான் வாசித்த வாத்தியத்துக்கு அவர் செய்த உபகாரம் தனி. யூஃபோனியம் என்பது குட்டி ட்யூபா மாதிரி இருக்கும், கனிந்த ஆண்குரல். கிங்கின் மார்ச்சுகளில் மேலே மெட்டு போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் அது பாட்டுக்கு வேறொரு பாட்டுப் பாடிக்கொண்டு போகும். 'தி மெலடி ஷாப்' என்ற அவரது மார்ச்சில் யூஃபோனியத்துக்கு வரும் ஓட்டத்தை வாசித்துக்காட்டினால் அந்த வாத்தியக்காரர் தேறிவிட்டார் என்று அர்த்தம்.

சர்க்கஸ் வாழ்க்கையை முடித்துக்கொண்டபின், 1920-இல் அயோவா மாநிலத்தின் ஃபோர்ட் டாட்ஜ் என்ற ஊரில் கிங் குடியேறினார். 1971-இல் சாகும்வரை அந்த ஊர் பேண்டுக்கு அவர்தான் தலைவர். அவர் குடியேறிய மறு வருஷமே அயோவாவில் ஒரு சட்டம் வந்தது, ஊர்கள் தங்கள் பேண்டுக்காக ஒரு சிறு வரி வசூலித்துக்கொள்ளலாம் என்று. அந்தச் சட்டத்தைக் கொண்டாடி கிங் ஒரு மார்ச் எழுதினார், பெயர் 'அயோவா பேண்டு லா'. வரிச் சட்டத்துக்கு மார்ச் எழுதிய மனிதரை எனக்கு எப்படிப் பிடிக்காமல் போகும்?

அந்தக் காலச் சர்க்கஸில் சூசாவின் 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்' சாதாரணமாக வாசிக்கப்படாது. அதற்கு ஒரு காரணம் உண்டு. அது அபாய அறிவிப்பு. கூடாரத்தில் ஏதாவது விபரீதம் என்றால் பேண்டு அதை எடுக்கும், சர்க்கஸ் ஆட்கள் மட்டும் புரிந்துகொண்டு, கூட்டம் மிரளாமல் வெளியேற்றத் தொடங்குவார்கள். 1944 ஜூலை 6-ஆம் தேதி கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டில் ரிங்லிங் சர்க்கஸ் கூடாரம் தீப்பிடித்தபோது, பேண்டு தலைவர் மெர்ல் எவன்ஸ் தீயைப் பார்த்ததும் இந்த மார்ச்சுக்கு மாறினார். 160-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் குழந்தைகள். ஆயிரக்கணக்கானோர் தப்பினார்கள். தீ நெருங்கும்வரை பேண்டு வாசித்துக்கொண்டிருந்தது. ஜூலை 4 அமெரிக்கச் சுதந்திர தினக் கொண்டாட்டங்களில் இந்த மார்ச்சைக் கேட்கும்போது எனக்கு இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

இனி ஹெரால்டு பென்னெட். அது ஹென்றி ஃபில்மோர் என்பவரின் புனைபெயர். சின்சினாட்டியில் தேவாலயப் பாடல்கள் அச்சிடும் குடும்பத்தில் பிறந்தவர், 1881-இல். பக்திமானான அப்பாவுக்கு டிராம்போன் என்றாலே ஆகாது, பையன் ஒளிந்து ஒளிந்து கற்றான் என்று சொல்வார்கள். வளர்ந்தபின் எழுதித் தள்ளினார். ஒரே பெயரில் இவ்வளவு வெளியிட்டால் சந்தை தாங்காது என்றோ என்னவோ, ஏழெட்டுப் பெயர்களில் எழுதினார். பெரிய பேண்டுகளுக்கான 'அமெரிக்கன்ஸ் வீ' போன்ற கடினமான மார்ச்சுகளுக்குச் சொந்தப் பெயர். புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கான எளிய மார்ச்சுகளுக்கு ஹெரால்டு பென்னெட். முதல் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்கப் பள்ளிகளில் பேண்டு மளமளவென்று பரவியது, வாத்தியக் கம்பெனிகளும் அதற்குத் தூபம் போட்டன. அந்தப் பிள்ளைகளுக்கு வாசிக்க ஏதாவது வேண்டுமே. இல்லாத மனிதரான பென்னெட்டின் மார்ச்சுகள் நூறு வருஷமாகப் பள்ளிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. எங்கள் வீட்டில் கேட்ட "ப்பா"வும் அவருடையதுதான்.

ஃபில்மோருக்குக் குறும்பு அதிகம். 1930 சின்சினாட்டி மோட்டார் கார் கண்காட்சிக்கு எழுதிய 'தி கிளாக்ஸன்' மார்ச்சில் கார் ஹாரன்களையே வாத்தியமாக்கினார். டிராம்போனை வழுக்கி வழுக்கி வாசிக்கும் துண்டுகளும் அவர் எழுதியவை, 'லாசஸ் டிராம்போன்' அதில் பிரபலம். அவற்றின் அட்டைகளும் விளம்பரங்களும் கறுப்பின மக்களைக் கேலிச்சித்திரமாக்கியவை. அதனால் பல பேண்டுகள் இப்போது அவற்றை நிறுத்திவிட்டன, நிறுத்தியது சரி என்பதே என் கட்சி.

கறுப்பின இசைக்கலைஞர்கள் இந்த அச்சை எடுத்துக்கொண்டு செய்ததைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை அநியாயமாகிவிடும். ஸ்காட் ஜாப்லினின் 'மேப்பிள் லீஃப் ராக்' 1899-இல் வந்த பியானோத் துண்டு. இடது கையைக் கேளுங்கள், அதே ஊம்-பா. 16 ஆவர்த்தப் பகுதிகள், ஒவ்வொன்றும் அடுத்ததுக்கு வழிவிடும். ட்ரியோ வந்ததும் மத்யமத்துக்குப் போகும் ஸ்ருதி. தாளின் தலையிலேயே மார்ச் வேகத்தில் வாசிக்கவும் என்று இருக்கிறது. வலது கை மட்டும் தட்டுகளுக்கு நடுவே, எதிர்பாராத இடங்களில் வந்து விழும். மார்ச்சின் எலும்புக்கூட்டுக்குள் ராக்டைம் என்ற புது உயிர். நியூ ஆர்லியன்ஸில் இன்னும் ஒரு படி. 1901-இல் வந்த 'ஹை சொசைட்டி' என்ற மார்ச்சில் பிக்கலோவுக்கென்று இருந்த சிட்டுக்குருவி வரியைக் கிளாரினெட்காரர்கள் தமக்காக்கிக்கொண்டார்கள். அதை வாசிக்கத் தெரிந்தால்தான் ஜாஸ் கிளாரினெட்காரன் என்ற அளவுக்கு அது பரீட்சைத்தாள் ஆயிற்று.

மற்றவர்களை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். எட்வின் யூஜீன் பேக்லியின் 'நேஷனல் எம்ப்ளம்' மார்ச்சில் இன்றைய அமெரிக்க தேசிய கீதத்தின் முதல் வரி, மூன்று தட்டுத் தாளத்திலிருந்து இரண்டு தட்டுக்கு மாற்றப்பட்டு, கீழ்ஸ்தாயிப் பித்தளைகளில் ஒளிந்திருக்கும். அந்தப் பாட்டு அதிகாரபூர்வ தேசிய கீதமானதே 1931-இல்தான், மார்ச் அதற்கு முந்தியது. எட்வின் ஃபிராங்கோ கோல்டுமேனின் 'ஆன் தி மால்', நியூயார்க் சென்ட்ரல் பார்க் கச்சேரிகளுக்கானது. அதில் ட்ரியோவைக் கூட்டம் முதலில் லாலா என்று பாடவேண்டும், பிறகு சீட்டியடிக்கவேண்டும். பேண்டு மாஸ்டரின் மகனான சார்ல்ஸ் ஐவ்ஸ், 'கன்ட்ரி பேண்டு மார்ச்' என்று ஒன்று எழுதினார். கத்துக்குட்டி ஊர் பேண்டு செய்யும் அத்தனை தவறுகளும், முந்திக்கொண்டு நுழைபவர், அபசுரம், தாளம் தவறுபவர் எல்லோரும், அதில் கவனமாக எழுதிவைக்கப்பட்டிருக்கிறார்கள். மார்ச்சை மனசார நேசித்தவனால்தான் இப்படிக் கிண்டல் செய்யமுடியும்.

கேட்கத் தொடங்குபவர்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்வது நல்லது. மார்ச்சில் தாளில் உள்ளது பாதிதான். இரண்டு தடவை வரும் பகுதியை இரண்டு தடவையும் ஒரே மாதிரி வாசித்தால் அது பள்ளி மாடிப்படி ஏறி இறங்குவது போலிருக்கும். சூசா தன் பேண்டில், முதல் தடவை கார்னெட், டிராம்போன், சிம்பல் எல்லாவற்றையும் வாயடைத்துவிட்டு மரவாத்தியங்களை மட்டும் சன்னமாக வாசிக்கவிடுவார், இரண்டாம் தடவை கதவைத் திறந்துவிடுவார். எந்தத் தட்டில் பேஸ் டிரம் இடி விழவேண்டும் என்பது அச்சிட்ட தாளில் இருக்காது, வாத்தியக்காரர் நினைவில் இருக்கும். மரீன் பேண்டு சில வருஷமாக சூசாவின் மார்ச்சுகளை வரிசையாக, இந்த வழக்கங்களையும் குறித்துப் பதிவு செய்து, இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தொடங்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. முதல் நாள் 'வாஷிங்டன் போஸ்ட்' போதும். அடுத்து கிங்கின் 'மெலடி ஷாப்'. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் காதில் விழுந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகத் தேடிப் போவீர்கள்.

பள்ளிக் கச்சேரி அன்று, மூன்று வாரமாகக் கேட்ட அந்த "ப்பா"வை முதல்முறையாக அதன் வீட்டில் கேட்டேன். அறுபது பிள்ளைகள், பின்வரிசையில் தன்னைவிடப் பெரிய ட்யூபாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு பையன். அவன் ஊம், என் மகள் பா. மெட்டு கிளாரினெட்காரர்களிடம்தான் இருந்தது, அவள் சொன்னது சரி. பக்கத்து நாற்காலிக்காரர் கால் ஆடியதைப் பார்த்தேன். அதில் பாதி நம் வீட்டுச் சரக்கு என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை.

வீடு திரும்பும்போது காரில், "அடுத்த வருஷம் ஹார்ன் வேண்டாம்ப்பா, யூஃபோனியம் கேட்கப்போறேன்" என்றாள். ஏன் என்றேன். "அவங்களுக்கு மட்டும் தனியா ஒரு பாட்டு இருக்கு."

கேட்டு வாங்கிவிட்டாள். இப்போது மாலையில் வீட்டில் பாட்டு கேட்கிறது. அதுவும் கிளாரினெட்காரர்களிடம் உள்ள பாட்டு அல்ல, இன்னொன்று.